நிறுத்தி வைத்த பிள்ளை

என் அண்ணனைப் பரீட்சைக்கு அனுப்பப் போவதில்லை என்று சொல்வதற்கு ஹெட்மாஸ்டரே எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தார். மாசி மாத வெயில். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, வேப்ப மரத்தடியில் நைனா இழுத்துப் போட்ட கயிற்றுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த மோரைக் கையில் வாங்கி, குடிக்காமல் வைத்திருந்தார்.

அப்போது நான் மூன்றாம் பாரம், இப்போதைய எட்டாம் வகுப்பு. அண்ணன் ஆறாம் பாரம், அதாவது எஸ்.எஸ்.எல்.சி. எழுத வேண்டிய வகுப்பு. எங்கள் அயனம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி போகிற வழியில் இருந்த போர்டு பள்ளிக்கூடம் அது. ஓட்டுக் கூரை போட்ட நீளமான கட்டடம், அதற்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை ஒன்று. சுற்று வட்டாரத்தில் கழனி வேலை செய்கிறவர்கள், பூந்தமல்லியில் சின்னக் கடை வைத்திருந்தவர்கள், இவர்களுடைய பிள்ளைகள்தான் படித்தார்கள். பெண்பிள்ளைகள் என்று விரல் விட்டு எண்ணுகிற அளவுக்கு இருந்தோம். அதில் நான் ஒருத்தி. அண்ணன் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருவான் என்பதால்தான் நைனா என்னை விட்டிருந்தார்.

"நல்லாப் படிக்கிற புள்ளைன்னு நீங்கதான சார் சொல்லிக்கினு இருந்தீங்க?" என்று நைனா கேட்டார்.

"படிக்கிற பிள்ளைதான். கணக்கில் அவனுக்கு இணையாக இந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் கிடையாது. ஆனால் இங்கிலீஷ் வரவில்லை. செலக்ஷன் பரீட்சையில் விழுந்துவிட்டான்."

"இன்னும் நாள் கீதே சார். படிச்சிக்குவான்."

ஹெட்மாஸ்டர் மோர் டம்ளரையே பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். முந்தின வருஷம் ஆறாம் பாரத்தில் ஒரே ஒரு பையன்தான் தேறியிருந்தான். தணிக்கைக்கு வந்த இன்ஸ்பெக்டர், இத்தனை குறைவாகத் தேறுகிற இடத்துக்கு மேல் வகுப்புகள் எதற்கு என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். கணக்கு வாத்தியார் மாற்றலாகிப் போய் மாதக்கணக்காகியும் வேறு ஆள் போடவில்லை. கேட்டால், தேர்ச்சியைக் காட்டுங்கள், பிறகு மானியத்தைப் பற்றிப் பேசலாம் என்றார்கள். வாத்தியார் இல்லாமல் தேர்ச்சி எப்படி வரும் என்பதை அவர்களிடம் கேட்க முடியாது. இந்த வருஷமும் தேர்ச்சி குறைந்தால் நான்கு, ஐந்து, ஆறாம் பாரங்களை எடுத்துவிடுவார்கள்.

"எல்லாரையும் அனுப்பினால் பாதிப் பேர் விழுவார்கள். நிச்சயமாகத் தேறுகிற ஆறு பேரை மட்டும் அனுப்பினால் ஆறு பேரும் தேறினார்கள் என்று சொல்லலாம். பள்ளிக்கூடம் நிற்கும். உங்கள் பெண்ணும் மேலே படிக்கலாம். பையனை அடுத்த வருஷம் அனுப்புகிறேன். இது சத்தியம்."

அவர் என் பக்கம் கை காட்டியது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை இப்போதும் உடம்பில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நைனா திரும்பி, மாட்டுக் கொட்டகை ஓரம் நின்றுகொண்டிருந்த அண்ணனைக் கேட்டார். "நீ இன்னாடா சொல்ற?"

"சார் சொன்னா சரிதான் நைனா."

அவ்வளவுதான். ஹெட்மாஸ்டர் ஒரே மூச்சில் மோரைக் குடித்துவிட்டு எழுந்தார். அண்ணன் ஏரிக்கரை வரை கூடப் போய்விட்டு வந்தான். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள், "இன்னா சொன்னாரு வழியில?"

"கணக்கு வாத்தியார் இல்லியே, சாயங்காலத்துல அந்த ஆறு பேருக்கும் நீ சொல்லிக் குடுக்கிறியான்னு கேட்டாரு."

அம்மா ஊதுகுழலைக் கீழே போட்டாள். "பந்தியில ஒக்கார வாணாம், பரிமாற மட்டும் வரணுமா?"

அண்ணன் சிரித்தான். "எனக்குப் பிடிச்சிதாம்மா கீது."

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் ஆறாம் பாரத்து அறையில் அவன் வகுப்பு நடந்தது. அவனோடுதான் நான் வீடு திரும்ப வேண்டும் என்பதால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அண்ணன் எதையும் முழுதாகச் சொல்லித்தர மாட்டான். கரும்பலகையில் ஒரு வரி எழுதுவான், திரும்புவான், "சரி, அப்பறம்?" என்பான். யாராவது அடுத்த வரியைச் சொல்லும்வரை காத்திருப்பான். தப்பாகச் சொன்னால் தப்பையே எழுதி, அதன் கீழே நின்று மறுபடியும் "அப்பறம்?" என்பான். தப்பு தானே எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளும். எல்லோரும் சிரிப்பார்கள். பூந்தமல்லியில் அத்தர் கடை வைத்திருந்தவருடைய மகன் ஒருவன் அந்த ஆறு பேரில் இருந்தான். கணக்கு என்றாலே அவனுக்கு வேர்க்கும். அண்ணன் அவனைத்தான் அதிகம் கேட்பான். சில நாட்கள் ஹெட்மாஸ்டர் தாழ்வாரத்தில் நின்று கேட்டுவிட்டு, உள்ளே வராமல் போய்விடுவார்.

பரீட்சைக்காக ஆறு பேரும் பட்டணம் போனபோது அண்ணன் அம்பத்தூர் ஸ்டேஷன் வரை போய் ரயில் ஏற்றிவிட்டு வந்தான். முடித்துத் திரும்பியதும் அத்தர் கடைப் பையன் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து கணக்குக் கேள்வித்தாளை நீட்டினான். "மாமே, நீ சொன்ன மாதிரியே வந்துகீது!" அண்ணன் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு போய், மாட்டுக் கொட்டகையின் சுண்ணாம்புச் சுவரில் முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்விவரை போட்டு முடித்தான். எருமை அசைபோட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் எந்த வருத்தமும் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் சொல்ல முடிகிறது.

ரிசல்ட் வந்த அன்று நைனா கழனியில் இருந்தார். அம்மா பூந்தமல்லி சந்தைக்குக் கத்தரிக்காய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். அண்ணன் தன்னுடைய ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போனவன், மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்தான். மந்தார இலையில் மடித்த ஜிலேபியை என் கையில் கொடுத்தான்.

"ஆறு பேரும் பாஸு. என்னைத் தோள் மேல தூக்கிக்கினு சுத்தினானுங்க பாப்பா. ஹெட்மாஸ்டர் எங்கிட்ட வந்து கையைப் பிடிச்சிக்கினாரு."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. பிடிச்சிக்கினு நின்னாரு."

பிறகு அவன் கொட்டகைக்குப் போய்க் கயிற்றை எடுத்துக்கொண்டான். ஏரிப் பக்கம் மேய விட்டிருந்த எருமையை ஓட்டி வர வேண்டும். எதுவும் சொல்லாமல் என்னைக் கடந்து போனான். நான் ஜிலேபி தின்றுகொண்டிருந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் எருமை தானாக வீட்டுக்கு வந்தது. கழுத்துவரை நனைந்திருந்தது.

அந்தக் கோடையில் ஏரி வற்றி, ஊர்க்காரர்கள் வண்டல் மண் வெட்டியதில் அங்கங்கே ஆழமான பள்ளங்கள் ஆகியிருந்தன. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு பெரிய மழை கொட்டி எல்லாப் பள்ளங்களும் நிரம்பியிருந்தன. மறுநாள் விடிந்த பிறகு மதகுக்குப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து அவனை எடுத்தார்கள். சட்டை கரைமேல் மடித்து வைத்திருந்தது. மேலே காற்றில் பறக்காமல் ஒரு கல்.

எருமையைப் பிடிக்க இறங்கியவன் சேற்றில் மாட்டிக்கொண்டான் என்று சொன்னார்கள். எருமையைப் பிடிக்க இறங்குகிறவன் சட்டையை மடித்துக் கல் வைத்துவிட்டா இறங்குவான் என்று வேறு சிலர் மெதுவான குரலில் கேட்டார்கள். ஆனால் அது அவனுடைய ஒரே நல்ல சட்டை. அவன் எந்த அவசரத்திலும் அதை மடித்துத்தான் வைப்பான் என்பது எனக்குத் தெரியும். நன்றாக நீந்தக் கூடியவன் என்பதும் தெரியும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் எத்தனையோ வருஷங்கள் உட்கார்ந்திருக்கிறேன்.

ஹெட்மாஸ்டர் வந்தார். கூட்டத்துக்கு வெளியே விரித்த குடையோடு நின்றார். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் நின்றுகொண்டிருந்தார். யாரோ போய்த் தோளைத் தொட்டு, "போங்க சார், ஊட்டுக்குப் போங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடம் பிழைத்தது. அனுப்பிய அத்தனை பேரும் தேறிய பள்ளிக்கூடம் என்று பெயர் வந்தது. மானியம் நின்றுபோகாமல் வந்தது. கணக்குக்குப் புது வாத்தியார் வந்தார். ஆறாம் பாரத்துக்குப் புதிய கரும்பலகைகூட வந்தது. நான் நான்காம் பாரம் போனேன். கூட்டிப் போக அண்ணன் இல்லாததால் நைனா தினமும் பாதி வழி வந்து, நான் பள்ளிக்கூடத்து வாசலுக்குள் நுழைவதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவார். ஏரிக்கரை வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போவோம்.

எருமை அந்தப் பள்ளத்துப் பக்கமே போக மறுத்தது. நைனா அதை விற்றார். பொங்கலுக்கு முன் ஒருநாள், யாரிடமும் சொல்லாமல் கொட்டகைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். அம்மா பார்த்தபோது பாதிக் கணக்குகள் மறைந்துவிட்டன. அவள் ஓடிப்போய்ச் சுண்ணாம்பு மட்டையைப் பிடுங்கினாள். மீதிச் சுவர் அப்படியே நின்றது. மழைக்கு மழை கரி கரைந்து, ஒருநாள் அதுவும் போயிற்று.

அந்த வருஷம் ஹெட்மாஸ்டர் செலக்ஷன் பரீட்சை வைக்கவில்லை. ஆறாம் பாரத்தில் இருந்த எல்லோரையும் அனுப்பினார். பெரும்பாலோர் தேறவில்லை. அடுத்த வருஷமும் எல்லோரையும் அனுப்பினார். இன்னும் மோசமாகப் போயிற்று. யுத்தம் வேறு நடந்துகொண்டிருந்தது. ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காரர்களின் கொட்டகைகள் எழும்பின. அங்கே கூலி கிடைக்கிறது என்று பையன்கள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனார்கள். இருந்தவர்களும் பகலில் தூங்கி வழிந்தார்கள். கணக்கு வாத்தியார் எங்கள் முன்னாலேயே ஹெட்மாஸ்டரிடம் சண்டை போட்டார்.

"நாலு பேரை நிறுத்தி வைத்தால் என்ன சார்? உலகத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் நிறுத்தவில்லை?"

ஹெட்மாஸ்டர் தன் அறைக்குள் போய்விட்டார்.

ஆறாம் பாரத்து அறையில் ஒரு குரல் கேட்கிறது என்று எனக்கு முதலில் தெரிந்தது ஐந்தாம் பாரத்தில். ஆவடிப் பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு பையன். என் அண்ணனைப் பார்த்ததே இல்லை. அவன் என்னிடம் வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"உங்கண்ணன் கணக்கு சொல்லிக் குடுக்கறப்ப இன்னா சொல்லுவாரு?"

"எதுக்குக் கேக்கற?"

"நேத்து சாயங்காலம் டிபன் பாத்திரத்தை வுட்டுட்டேன்னு ஆறாம் பாரத்துக்குள்ள போனேன். யாரும் இல்ல. 'அப்பறம்?'னு யாரோ கேட்ட மாதிரி இருந்திச்சி. ஓடியாந்துட்டேன்."

வேறு சிலரும் கேட்டதாகச் சொன்னார்கள். சிலர் பயந்தார்கள். சிலருக்கு அதில் ஒரு தைரியம் இருந்தது. பரீட்சைக்கு முன்னால் அந்த அறைக்குள் போய்க் கரும்பலகையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு.

எனக்குப் பயம் இல்லை. ஆசைதான் இருந்தது. ஒரு சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, அந்த அறைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். வெளியே தூங்குமூஞ்சி மரத்தில் காக்கைகள் அடங்கிக்கொண்டிருந்தன. ஓட்டின் இடுக்கில் அணில் ஓடியது. தூரத்தில் பூந்தமல்லிப் பக்கம் பாங்கு சொன்னார்கள். அது முடிந்தபின் வந்த அமைதியில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். ஒன்றும் இல்லை. என் மூச்சு மட்டும். "அண்ணே, அடுத்த வரி எனக்குத் தெரியல" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் ஒன்றும் இல்லை.

வாசலில் நிழல் தட்டியது. ஹெட்மாஸ்டர். என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். அவரும் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறார் என்று புரிந்தது.

"உனக்குக் கேட்கிறதா அம்மா?" என்றார்.

"இல்ல சார்."

அவர் உள்ளே வந்து முதல் பெஞ்சில், மாணவன் உட்காருவது போல, கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்தார். அவருடைய முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது.

"எனக்குக் கேட்கிறது. தினமும். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் கேட்கிறது. நான் எந்தப் பதில் சொன்னாலும் அதற்கு மேல் 'அப்பறம்?' என்கிறான்." திரும்பாமலே சொன்னார். "எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள், தெரியும். ஒருத்தன் பெயரை அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தால் கை வரமாட்டேன் என்கிறது. நான் என்ன செய்யட்டும்?"

எனக்கு அப்போது அவர்மேல் இரக்கம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. என் அண்ணன் என்னிடம் வராமல் இவரிடம் போய்ப் பேசுகிறானே என்று. பையை எடுத்துக்கொண்டு அவரைக் கடந்து வெளியே வந்துவிட்டேன். நைனா ரோட்டில் காத்துக்கொண்டிருந்தார்.

ஆறாம் பாரத்தில் நான் கணக்கில் மோசம். எனக்கே தெரியும். வேறு எந்த ஹெட்மாஸ்டராக இருந்தாலும் என்னை நிறுத்தியிருப்பார். இவர் அனுப்பினார். அந்த வருஷம் நாங்கள் போனதில் இரண்டு பேர்தான் தேறினார்கள். நான் இல்லை.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. மேல் மூன்று பாரங்களும் எடுக்கப்பட்டன. பெஞ்சுகளையும் அந்தக் கரும்பலகையையும் வேறு ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஐந்தாம் பாரம் முடித்திருந்த பிள்ளைகள் பட்டணம் போய்ப் படிக்க வேண்டும் என்று ஆயிற்று. வசதி இருந்த ஒன்றிரண்டு பேர் போனார்கள். மற்றவர்கள் ஆவடிக் கொட்டகைகளுக்கும் கழனிகளுக்கும் போனார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஹெட்மாஸ்டரை முகத்துக்கு நேராகவே ஏசினார்கள். அந்த நல்ல வருஷத்தில் தேறிய அத்தர் கடைப் பையன், அப்போது ஆவடியில் குமாஸ்தா, சைக்கிளை நிறுத்திவிட்டு நைனாவிடம் சொன்னான்: "நாங்க ஆறு பேர்தான் மாமா கடைசியில தப்பிச்சோம். உங்க புள்ளை தூக்கி வுட்டான்." நைனா தலையை ஆட்டினார். அவன் போன பிறகு சொன்னார், "எம் புள்ளைக்குக் காட்டாத இரக்கத்தை ஊர்ப் புள்ளைங்களுக்குக் காட்டினாரு மனுஷன். ரெண்டும் உருப்படாம பூட்ச்சி."

ஹெட்மாஸ்டருக்கு வடக்கே எங்கோ மாற்றல் ஆயிற்று. போவதற்கு முந்தின நாள் வந்தார். நைனா கொட்டகைக்குள் இருந்துகொண்டு வெளியே வரவில்லை. அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில். ஹெட்மாஸ்டர் உட்காரவில்லை. ரொம்பவும் இளைத்திருந்தார். சட்டை தோளிலிருந்து தொங்கியது.

"ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன் அம்மா. அன்றைக்கு, போகும் முன்னால், அவன் உங்களிடம் ஏதாவது சொன்னானா?"

அம்மா நிமிர்ந்து அவரை நன்றாகப் பார்த்தாள்.

"சொன்னானே. 'பசிக்குதும்மா, எருமையை ஓட்டிக்கினு வந்துட்றேன், சோறு போட்டு வை'ன்னான். கருவாட்டுக் கொழம்பு கீதான்னு கேட்டான். கீதுடா, சீக்கிரம் வான்னேன்."

"சோறு போட்டு வைக்கச் சொன்னானா?"

"ஆமா. தட்டுல போட்டு மூடி வெச்சிருந்தேன்."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஆண்பிள்ளை ஒருவர் அப்படிக் குலுங்கிக் குலுங்கி அழுது நான் பார்த்ததில்லை. அம்மா கடலையை உரித்துக்கொண்டே இருந்தாள். அழுது முடித்ததும் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். குடையை எடுத்துக்கொண்டு, நாங்கள் தவிர்த்து வந்த ஏரிக்கரை வழியாகவே போனார்.

அவர் தலை மறைந்ததும் நான் கேட்டேன். "அன்னிக்கி நீ ஊட்லயே இல்லியேம்மா. சந்தைக்குப் போயிருந்தியே. நான்தான இருந்தேன். எங்கிட்டகூட ஒண்ணும் சொல்லாமதான போனான்?"

அம்மா என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"இருந்தேன். நீதான் பாக்கல."

சாகும்வரை அதைப் பற்றி அவள் பேசவில்லை. நான், மூன்றாம் பாரம் முடித்தாலே போதும் என்றிருந்த ஆசிரியைப் பயிற்சிக்குப் போய், பல ஊர்களில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்ந்துவிட்டேன். அந்த மத்தியானம் மட்டும் எனக்குள் ஒரே மாதிரி நிற்கவில்லை, மாறிக்கொண்டே வருகிறது. வெகுகாலம் அதில் நானும் அவனும் மட்டும்தான் இருந்தோம். இப்போதெல்லாம் நினைக்கும்போது வாசலில் அம்மாவும் நிற்கிறாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, போகிறவனிடம் என்னவோ சொல்கிறாள். அவள் எப்போது வந்து சேர்ந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.